கடைசியில் வாங்க வேண்டிய பாட்டில்

மீன் தொட்டிச் செடிக்கு உரம் தேடும் முன் ஒளி, நீர், இலை மூன்றையும் பார்த்தாக வேண்டும். தப்புக் கணக்கு போட்டால் விலை கொடுப்பது மீன்.

சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைகளிலும் சரி, கொல்கத்தா காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையிலும் சரி, மீன் வாங்க வருபவர் கையோடு ஒரு கட்டு நீர்ச்செடியும் வாங்கிப் போவதைப் பார்க்கலாம். இரண்டு வாரத்தில் அவர் திரும்பி வருகிறார். இலை மஞ்சளாகிறது, ஓட்டை விழுகிறது, தண்டு அழுகுகிறது. என்ன உரம் போடலாம்? கடைக்காரருக்குப் பின்னால் அலமாரியில் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. ஏதோ ஒன்று கைமாறுகிறது.

அதிர்ஷ்டம் இருந்தால் அது சரியான பாட்டிலாக இருக்கும். இல்லாவிட்டால் செடி போன பிறகு கண்ணாடி முழுவதும் பாசி படரும். அதைவிட மோசமாக, ஒரு காலையில் மீன்கள் மிதக்கும்.

இத்தனைக்கும் இந்தச் செடிகளில் பல நம் மண்ணுக்கு அந்நியமானவை அல்ல. தொட்டிப் பிரியர்கள் ஆசையாக வளர்க்கும் ரோட்டலா ரோட்டண்டிஃபோலியா நெல் வயலில் களையாக முளைப்பது. இந்தியாவைச் சேர்ந்த ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா அமெரிக்காவுக்குப் போய் ஓடைகளையும் கால்வாய்களையும் அடைத்துக்கொண்டதால், அந்நாட்டு மத்திய அரசின் களைப் பட்டியலிலேயே இடம் பிடித்துவிட்டது. வெளியே இவ்வளவு மூர்க்கமாக வளரும் செடி, வீட்டுத் தொட்டியில் மட்டும் ஏன் சுருண்டு போகிறது?

விடை 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் இருக்கிறது. கார்ல் ஸ்ப்ரெங்கல் முன்வைத்து, வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபான் லீபிக் பிரபலப்படுத்திய விதி அது: செடிக்குத் தேவையானவற்றில் எது மிகக் குறைவாக இருக்கிறதோ, அதுதான் வளர்ச்சியின் எல்லையைத் தீர்மானிக்கும். உயரம் வேறுபட்ட பலகைகளால் செய்த மரப்பீப்பாயில், ஆகக் குட்டையான பலகை வரைதான் தண்ணீர் நிற்கும். மற்ற பலகைகளை உயர்த்திப் பயனில்லை. தொட்டியில் அந்தக் குட்டைப் பலகை பல சமயம் உரமே அல்ல.

முதலில் ஒளி

செடியின் வேகத்தை நிர்ணயிப்பது விளக்கு. ஒளி அதிகமானால் செடி அதிகம் கேட்கும். முதலில் அது கேட்பது கார்பன். செடியின் உலர்ந்த எடையில் சுமார் 40 சதவிகிதம் கார்பன்தான். காற்றிலிருந்து தானாகத் தண்ணீரில் கரையும் கரியமில வாயுவோ லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. சிலிண்டர் வைத்து வாயு செலுத்துபவர்கள் 20 முதல் 30 மில்லிகிராம் வரை கொண்டுவருகிறார்கள். சிலிண்டர் இல்லாத வீட்டில் பளிச்சென்ற விளக்கைப் பத்து மணி நேரம் எரியவிட்டு, மேலே உரத்தையும் ஊற்றினால் லாபம் பாசிக்கு. அந்த வீட்டுக்கு ஏற்றவை ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், கிரிப்டோகோரைன் போன்ற நிதானமான செடிகள். விளக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும். அவற்றுக்கு வேண்டிய உரமும் சொற்பம்.

'திரவ கார்பன்' என்ற பெயரில் விற்கும் புட்டிகளில் எச்சரிக்கை தேவை. அவற்றில் பலவற்றில் இருப்பது குளூடரால்டிஹைடு. மருத்துவமனைகளில் கருவிகளின் கிருமி நீக்கப் பயன்படும் அதே பொருள். பாசியை அது அடக்கும் என்பது உண்மை. ஆனால் வாலிஸ்நேரியா போன்ற செடிகள் அதில் கரைந்தே போகின்றன. அளவு மிஞ்சினால் மீனுக்கும் ஆபத்து.

முதல் மாதத்து அழுகலையும் பட்டினி என்று நினைக்கக்கூடாது. பண்ணைகளில் பல செடிகளைத் தண்ணீருக்கு மேலே வளர்க்கிறார்கள். தொட்டிக்குள் மூழ்கியதும் அந்தப் பழைய இலைகள் உதிர்ந்து, நீருக்கேற்ற புதிய இலைகள் வர வேண்டும். கிரிப்டோகோரைன் இடம் மாற்றினாலே இலைகளைக் கொட்டிவிடும். கிழங்கு கெட்டியாக இருந்தால் மீண்டும் துளிர்க்கும். அப்போது அதற்கு வேண்டியது உரமல்ல, அவகாசம்.

இலை சொல்லும் குறிப்பு

ஒளியும் கார்பனும் ஒத்துப்போன பிறகும் செடி தேறவில்லையென்றால், அப்போது பசி இருக்கிறது என்று பொருள். எந்தப் பசி என்பதை இலை சொல்லும். சில சத்துகளைச் செடி தன் பழைய இலையிலிருந்து உறிஞ்சிப் புதிய இலைக்கு அனுப்ப முடியும்; சிலவற்றை முடியாது. எனவே பார்க்க வேண்டியது நோய் எங்கே தொடங்குகிறது என்பதை.

அடி இலைகள் முழுவதுமாக மஞ்சளானால் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் போதவில்லை. அடி இலைகளில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை விழுந்து, ஓரம் பழுத்தால் சாம்பல் சத்தான பொட்டாசியம். நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பட்ட பகுதி மட்டும் வெளுத்தால் இரண்டு சாத்தியங்கள்: பழைய இலை என்றால் மெக்னீசியம், புதிய இலை என்றால் இரும்பு. கொழுந்து முறுக்கிக்கொண்டு வந்தால் கால்சியத்தைச் சந்தேகிக்கலாம். வளர்ச்சி குன்றி, கண்ணாடியில் கெட்டியான பச்சைப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டால் மணிச்சத்தான பாஸ்பேட் குறைவாக இருக்கக்கூடும்.

கெட்டுப்போன இலை எந்த உரத்தாலும் தேறாது. உரம் வேலை செய்கிறதா என்பதற்கு அதன்பின் வரும் புதிய இலைதான் சாட்சி.

இனி பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்கலாம். சந்தையில் இருப்பவை அடிப்படையில் இரண்டு ரகம். ஒன்றில் பொட்டாசியமும் இரும்பு முதலான நுண்ணூட்டங்களும் மட்டும்; மற்றதில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்திருக்கும். எது வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மீன்களின் எண்ணிக்கை. மீன் தீனியிலும் கழிவிலும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் தாராளமாக உண்டு. பொட்டாசியமும் இரும்பும் செடிக்குப் போதுமான அளவில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. மீன் நிறைந்து செடி குறைந்த தொட்டிக்கு முதல் ரகம் போதும். செடி அடர்ந்து நாலைந்து சிறு மீன்கள் மட்டும் திரியும் தொட்டியில் இரண்டாவது ரகம் இல்லாவிட்டால் இலை மஞ்சளாகும். ஒரு நைட்ரேட் டெஸ்ட் கிட் இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்: லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் காட்டினால் தழைச்சத்துக்குத் தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை.

சாப்பிடும் வாயும் முக்கியம். அமேசான் ஸ்வார்டு, கிரிப்டோகோரைன், வாலிஸ்நேரியா ஆகியவை வேரால் நிறைய உறிஞ்சுபவை. அவற்றின் அடியில் மணலுக்குள் உர மாத்திரையைப் புதைப்பது நல்ல பலன் தரும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டும் கட்டையிலோ கல்லிலோ ஒட்டி வளர்பவை. தண்ணீரில் கரைந்திருப்பதே அவற்றின் ஆகாரம். அவற்றின் கிழங்கை மணலில் புதைத்தால் அழுகிவிடும்.

தண்ணீரின் குணம்

ஒரே பாட்டில் ஒரு வீட்டில் அற்புதம் செய்து அடுத்த வீட்டில் தோற்பதற்குத் தண்ணீர் முக்கியக் காரணம். இரும்பு தண்ணீரில் தனியாக நிற்காது, துருவாகப் படிந்துவிடும். அதனால் வேறொரு வேதிப்பொருளின் பிடியில் வைத்து விற்கிறார்கள். மலிவான ஈ.டி.டி.ஏ. இரும்பு, பி.எச். 6.5-ஐத் தாண்டினால் பிடி தளரத் தொடங்கும். டி.டி.பி.ஏ. ஏறக்குறைய 7.5 வரை தாங்கும். ஈ.டி.டி.எச்.ஏ. அதற்கு மேலும் நிற்கும். ஆனால் தண்ணீரைச் சிவப்பாக்கும். பி.எச். 8-ஐத் தொடும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஈ.டி.டி.ஏ. இரும்பை ஊற்றிவிட்டு கொழுந்து ஏன் வெளுக்கிறது என்று குழம்புவதில் அர்த்தமில்லை.

ஆர்.ஓ. தண்ணீருக்கு எதிர்மறைச் சிக்கல். அந்த இயந்திரம் உப்போடு சேர்த்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் வடிகட்டிவிடுகிறது. இவற்றைத் தொட்டியில் திரும்பச் சேர்க்காவிட்டால் எந்த உரமும் முழுப் பலன் தராது. ஜிப்சமும், மருந்துக் கடையில் பேதி உப்பு என்று கேட்டால் கிடைக்கும் மெக்னீசியம் சல்பேட்டும் இந்தக் குறையைத் தீர்க்கும்.

உரக்கடை ஆசை

பாட்டிலின் விலையைப் பார்த்ததும் பலருக்கும் தோன்றுவது, விவசாய உரக்கடையில் இதே சத்து கிலோ கணக்கில் கிடைக்குமே என்பது. கிடைக்கும். ஆனால் மீன் உயிர் பறிபோகும் இடமும் இதுதான்.

யூரியா தண்ணீரில் நுண்ணுயிர்களால் சிதைந்து அம்மோனியா ஆகிறது. டி.ஏ.பி.யில் உள்ள நைட்ரஜன் முழுவதும் அம்மோனிய வடிவம். மாடித் தோட்டக்காரர்களுக்குப் பழக்கமான 19:19:19 கலவையிலும் யூரியாவும் அம்மோனியமும் உண்டு. வயலில் இவை பயிருக்கு உணவு. மூடிய கண்ணாடித் தொட்டியில் மீனின் செவுளைச் சுடும் விஷம். பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவின் விஷப் பகுதி சுமார் 10 மடங்காகிறது. கடின நீர் வீடுகளில் ஒரு சிட்டிகைகூடப் பெரிய சூதாட்டம். வயலில் மீன் விலகி ஓட வாய்க்கால் உண்டு, தொட்டியில் இல்லை.

உரக்கடையில் தொட்டிக்கு ஏற்றவை வேறு மூன்று. சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விற்கும் 13-0-45 என்பது பொட்டாசியம் நைட்ரேட். 0-52-34 என்பது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். 0-0-50 என்பது பொட்டாசியம் சல்பேட். மூன்றிலும் யூரியாவோ அம்மோனியமோ இல்லை. மீன் தாங்கும் அளவில் பார்த்தால் நைட்ரேட்டுக்கும் அம்மோனியாவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். முதலாவது நமக்குப் புதிதல்ல. வெடியுப்பு என்று பட்டாசுத் தொழிலில் புழங்கும் பொருள்தான். பீகாரின் வெடியுப்புக்காக ஐரோப்பியக் கம்பெனிகள் ஒரு காலத்தில் போட்டியிட்டன. வீட்டில் நெருப்புக்கும் குழந்தைகளுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும்.

கணக்கு எளிது. 100 லிட்டர் தண்ணீரில் 1 கிராம் பொட்டாசியம் நைட்ரேட், நைட்ரேட்டை லிட்டருக்கு சுமார் 6 மில்லிகிராமும் பொட்டாசியத்தைச் சுமார் 4 மில்லிகிராமும் உயர்த்தும். 50 கிராமை அரை லிட்டர் நீராகக் கரைத்துக்கொண்டால், 10 மில்லியில் 1 கிராம் இருக்கும். பாஸ்பேட்டுக்கு அரை லிட்டரில் 10 கிராம் போதும். 10 மில்லி ஊற்றினால் 100 லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 1.4 மில்லிகிராம் கூடும். மணலும் கல்லும் இடத்தை அடைப்பதால் 100 லிட்டர் தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர் இருப்பதில்லை. கணக்கிடும்போது அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். இரும்பையும் பாஸ்பேட்டையும் ஒரே புட்டியில் கலந்தால் படிந்து வீணாகும். ஒரு நாள் இது, மறுநாள் அது என்று மாற்றி ஊற்றுவது வழக்கம்.

பாசி பயம்

உரம் போட்டால் பாசி வரும் என்ற அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1996-இல் பால் சியர்ஸ், கெவின் கான்லின் இருவரும் மற்ற சத்துகளைக் கொடுத்து பாஸ்பேட்டை மட்டும் பட்டினி போட்டால் பாசி அடங்கும் என்று எழுதினார்கள். பின்னர் அமெரிக்காவின் டாம் பார், செடி நன்றாக வளரும் தொட்டியில் பாஸ்பேட்டைக் கூட்டினாலும் பாசி வருவதில்லை என்று காட்டினார். எல்லாச் சத்தையும் தேவைக்குச் சற்று மேலாகவே கொடுத்து, வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றுவது அவர் முறை. டயானா வால்ஸ்டாட் 1999-இல் வெளியிட்ட புத்தகத்தில் நேரெதிர் வழி சொன்னார்: மணலுக்கு அடியில் சாதாரண மண், மேலே மீன் தீனி, இவையே பெரும்பாலும் செடிக்கு உணவு.

இரண்டு வழியிலும் தொட்டிகள் செழிக்கின்றன. விளக்கு பளிச்சென்று, வாயுச் சிலிண்டரும் உள்ள தொட்டிக்கு டாம் பார் முறை. மிதமான விளக்கும் நிதானமான செடிகளும் உள்ள தொட்டிக்கு வால்ஸ்டாட் முறை. சிக்கல் வருவது ஒன்றின் விளக்கையும் மற்றதன் உரத்தையும் சேர்க்கும்போதுதான்.

ஆகவே மஞ்சள் இலையைப் பார்த்ததும் கடைக்கு ஓட வேண்டியதில்லை. விளக்கின் நேரத்தைக் குறைத்து, தண்ணீரின் பி.எச்.சையும் நைட்ரேட்டையும் பார்த்து, நோய் பழைய இலையிலா புதிய இலையிலா என்று கவனிக்க ஒரு வாரம் போதும். பிறகு ஒரே ஒரு மாற்றம். லேபிளில் சொன்ன அளவில் பாதி. இரண்டு வாரம் பொறுமை. ஒரே நாளில் மூன்று பாட்டில்களைத் திறந்தால், எது காப்பாற்றியது, எது கெடுத்தது என்பது கடைசிவரை தெரியாது.

அதற்குள் சாயம் போகாத ஒரு புதிய இலை வந்துவிட்டால், அந்த உரம் அந்தத் தொட்டிக்குச் சரி. வராவிட்டால் பாட்டிலைக் குறை சொல்லும் முன் மீண்டும் விளக்கிலிருந்து தொடங்க வேண்டும்.