மாரியும் மழை இடித்த கோயிலும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்கு மோட்டாரில் செல்கிறவர்கள், நார்த்தாமலை என்ற பலகையைக் கண்டாலும் வேகம் குறைக்காமல் கடந்துவிடுவதே வழக்கம். பங்குனியில் முத்துமாரியம்மன் உற்சவத்துக்காகப் பால்குடமும் காவடியுமாக, மஞ்சள் ஆடை உடுத்து வரும் ஜனத்திரள் சாலையை நிறைத்துவிடும் நாட்களில் மட்டும் வேறு வழியின்றி நிற்கிறார்கள். அடியேனும் அவ்விதம் நின்றுபோனவன்தான். போக்குவரத்துத் தெளியும்வரை பொழுதைக் கழிக்கலாமென்று ஊருக்குள் நடந்தவன், அந்தி சாயும்வரை திரும்பவில்லை.

அம்மன் கோயிலைச் சுற்றி எள் போட்டால் விழ இடமில்லை. ஆனால் ஊரைத் தாண்டி மேலமலையின் வெறும் பாறைச் சரிவில் ஏறினால், உடுக்கையும் பம்பையும் காதில் தேய்ந்துகொண்டே வர, மனித சஞ்சாரமற்ற ஒரு மேடையில், மேற்கு நோக்கி நிற்கிறது விஜயாலய சோழீச்சரம். ஒன்பதாம் நூற்றாண்டின் கற்றளி. வட்டமான கர்ப்பக்கிருகத்தைச் சதுரமான சுவர் சூழ்ந்து நிற்க, இடையே ஒடுங்கிய பிராகாரம் ஓடுகிறது. மேலே விமானமும் கீழ் நிலைகளில் சதுரமாக எழுந்து உச்சியில் வட்டமாகக் குவிகிறது. சுற்றிலும் நின்ற சிறு கோயில்களில் ஆறு எஞ்சியுள்ளன. எதிர்ப்பாறையில் குடைந்த குகைகள் இரண்டில் ஒன்று பழியிலி ஈச்சுரம்; மற்றொன்றில் அச்சில் வார்த்தாற்போன்ற பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாக நிற்க, ஊரார் அதைச் சமணர் குடகு என்றே வழங்கிவருவது ஒரு வேடிக்கை.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்தது சோழீச்சரத்தில் உள்ள ஒரு சிறு சாஸனமே. சாத்தம்பூதி என்ற இளங்கோவதியரையன் எடுத்த கோயில் மழையால் இடிந்து அழிய, மல்லன் விடுமன் என்பவன் அதைப் புதுக்கினான் என்று அது சொல்கிறது. பக்கத்துச் சித்தன்னவாசலுக்குப் போனாலும் இதே கதைதான்: அங்குள்ள கோயிலின் தாமரைத் தடாக ஓவியத்தைப் பார்க்க வருகிறவர்களில் பலர் கவனியாத கல்வெட்டொன்று, ஸ்ரீவல்லப பாண்டியன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்கோயிலைப் புதுப்பித்ததைப் பதிவு செய்கிறது. கட்டினவனுக்குச் சமமாகச் செப்பனிட்டவனையும் கல்லில் ஏற்றி வைத்த சமூகம் அது. இன்று அதே சுவர்களில் கூரிய கல்லால் தங்கள் பெயரைக் கீறிவிட்டுப் போகும் காதலர்களுக்குக் கட்டியிருக்கவோ செப்பனிட்டிருக்கவோ வேண்டுமென்ற நிபந்தனை எதுவும் இல்லை.

கீழே இறங்கி நீர்மோர்ப் பந்தலில் நின்றபோது, மோர் வார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் மேலே உள்ள கோயிலைப் பற்றிக் கேட்டேன். "அது கவர்மெண்டு கோயிலுங்கய்யா. நமக்கு ஆத்தா இருக்கா" என்றார். நமது புராதனச் சின்னங்களின் அவலமெல்லாம் அந்த ஒரு சொற்றொடரில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றிற்று. சர்க்கார் வேலியிட்டுக் காப்பது அவசியமே. ஊரார் பக்திப் பரவசத்தில் சிமெண்டைப் பூசியும் வண்ணத்தை அடித்தும் பாழாக்கிய கோயில்களை நானும் அறிவேன். ஆயினும், கல்லைக் காக்கும் பொறுப்பை ஏற்ற இலாகா, அதைப் பற்றிய ஞானத்தையும் வேலிக்குள்ளேயே பூட்டி வைத்திருப்பது நியாயமாகாது. தடித்த எழுத்தில் தண்டனையை அறிவிக்கும் பலகைக்குப் பக்கத்தில், அந்தச் சாஸனத்தை இன்றைய தமிழில் எழுதிய இன்னொரு பலகை வைத்தால் என்ன? அதுவும் மலைமேல் வேண்டாம். ஜனங்கள் கூடுகிற இந்தப் பந்தலருகே வேண்டும். உற்சவ நாட்களிலாவது, உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாலு பேருக்குப் படியளந்து, விரும்புகிறவர்களை மேலே அழைத்துப் போய்க் கதை சொல்லச் செய்யலாம். நகரத்திலிருந்து எப்போதாவது வருகிற என்னைப்போன்றவனைவிட, ஆண்டுதோறும் தவறாமல் வருகிற இந்தக் கூட்டத்துக்கே அந்தக் கோயில் அதிகம் உரியது.

மழை இடித்ததையும் மல்லன் விடுமன் புதுக்கியதையும் பெரியவரிடம் சொன்னேன். மாரியென்றாலே மழைதானே என்று சிரித்தவர், இரண்டாவது குவளையை நீட்டிவிட்டு, "அந்த விடுமன் நம்ம பக்கத்து ஆளுதானுங்களா?" என்றார்.