தன் கணக்கைத் தானே திருத்தலாமா?

உங்கள் வகுப்பறைச் சுவரின் நீளம் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 15 சென்டிமீட்டர் அளவுகோலால் அதை அளக்க வேண்டுமானால், அளவுகோலை 40 முறை எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அரை மில்லிமீட்டர் ஒரே பக்கமாகத் தவறினால் என்ன ஆகும்? மறுகோடியை அடையும்போது 2 சென்டிமீட்டர் பிழை சேர்ந்திருக்கும். ஒவ்வோர் அடியிலும் பொருட்படுத்தத் தோன்றாத பிழை, முடிவில் பெரும் பிழையாகிவிடுகிறது.

இந்தச் சிறு கணக்கு இன்று பல் மருத்துவத்தில் ஒரு முக்கியமான கேள்வியை எழுப்புகிறது.

ஒரு தாடையில் எல்லாப் பற்களையும் இழந்தவருக்கு, அத்தாடை எலும்பில் நான்கு அல்லது ஆறு டைட்டானியத் திருகுகளைப் பதிக்கிறார்கள். இவற்றுக்கு இம்ப்ளாண்ட் என்று பெயர். இவற்றின்மேல் முழு வரிசைப் பற்களும் ஒரே பாலமாகப் பொருத்தப்படும். டைட்டானியம் எலும்புடன் ஒட்டி ஒன்றாகிவிடும் என்பதைச் சுவீடன் நாட்டு விஞ்ஞானி பிரேனமார்க் 1950களில் முயல்களின் எலும்பை ஆராய்ந்தபோது கண்டறிந்தார். 1965இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அம்முறையில் சிகிச்சை அளித்தார்.

இயற்கைப் பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே நார்த்திசுவாலான மெல்லிய மெத்தை உண்டு. ஆகவே பல் சிறிது அசைந்து இடம் கொடுக்கும். இம்ப்ளாண்டுக்கு அந்த மெத்தை கிடையாது. எலும்போடு எலும்பாக நிற்கிறது. பாலத்தின் அளவு சற்றுப் பிசகினாலும் திருகாணியை இறுக்கினால் பாலம் உட்கார்ந்துவிடும். பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால், வலிந்து இழுத்துப் பிடித்த அழுத்தம் உள்ளே தங்கிவிடும். நாளடைவில் திருகாணி தளரலாம், முறியலாம். பாலத்தில் விரிசலும் விழலாம்.

எவ்வளவு இடைவெளியைப் பொறுக்கலாம் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 10 மைக்ரான் என்றும் 150 மைக்ரான் என்றும் வெவ்வேறு எல்லைகள் சொல்லப்பட்டுள்ளன. தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பாருங்கள். பேச்சு எல்லாம் மயிரிழை அளவைப் பற்றியதுதான்!

முன்பு பசை போன்ற பொருளை வாயில் வைத்து அச்சு எடுப்பார்கள். இப்போது அதற்குப் பதிலாகப் பேனா போன்ற ஸ்கேனரை வாய்க்குள் நகர்த்திப் படம் எடுக்கிறார்கள். அது ஒரே பார்வையில் வாய் முழுவதையும் காண்பதில்லை. சிறு சிறு படங்களாக எடுக்கிறது. ஒன்றன் ஓரத்தை மற்றொன்றின் ஓரத்தோடு பொருத்திக் கணிப்பொறி அவற்றைத் தைக்கிறது. ஓரிரு பற்களுக்கு இது மிக நன்றாக வேலை செய்கிறது. ஆனால், பல்லே இல்லாத வாயில் இம்ப்ளாண்டுகளுக்கு நடுவே இருப்பது வழவழப்பான, ஈரமான ஈறு. அடையாளம் பிடிக்க மேடும் பள்ளமும் அதிகம் இல்லை. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவதற்குள் தையலுக்குத் தையல் பிழை சேரக்கூடும். நம் அளவுகோல் கதைதான்!

சரி, ஸ்கேன் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? “திரையில் படம் தெளிவாக இருக்கிறதே” என்பார் ஒருவர். தெளிவு வேறு, சரியான அளவு வேறு. “இரண்டு முறை ஸ்கேன் செய்தேன், இரண்டும் ஒத்துப்போகின்றன” என்பார் மற்றொருவர். தினமும் ஐந்து நிமிடம் முந்தி மணியடிக்கும் கடிகாரமும் தவறாமல் ஒரே மாதிரிதான் அடிக்கிறது! மாறாத விடை என்பது ஒன்று. மெய்யான விடை என்பது வேறொன்று. “ஸ்கேனிலிருந்து அச்சிட்ட மாதிரித் தாடையில் பாலம் அழகாகப் பொருந்துகிறது” என்பார் மூன்றாமவர். மூன்றிலும் மிக ஏமாற்றுவது இதுதான். பாலமும் மாதிரியும் ஒரே ஸ்கேனின் பிள்ளைகள். தாயிடம் உள்ள பிழை இரண்டிலும் ஒரேபோல் இருக்கும். ஆகவே அவை ஒன்றோடொன்று பொருந்தத்தான் செய்யும்.

மெய்யான சோதனை நோயாளியின் வாயில்தான் நடக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு எளிய வழிகள் உள்ளன. மாதிரியின்மேல் பிளாஸ்டரால் ஒரு சோதனைச் சட்டம் செய்து, அதை வாயிலுள்ள இம்ப்ளாண்டுகளில் திருகிப் பார்க்கலாம். பிளாஸ்டர் வளைந்து கொடுக்காது. அளவு பிசகியிருந்தால் படீரென்று உடையும்; உண்மையைச் சொல்லிவிடும். மற்றொன்று ஒற்றைத் திருகாணிச் சோதனை. பாலத்தின் ஒரு கோடியில் மட்டும் திருகாணியை இறுக்கிவிட்டு, மறுகோடி மேலே எழும்புகிறதா என்று பார்ப்பார்கள். ஈறு மறைக்கும் இடத்தில் எக்ஸ்-ரே கைகொடுக்கும்.

“இதற்கு இன்னொரு நாள் வர வேண்டுமே, செலவு கூடுமே” என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. முதியவர் ஒருவருக்கு ஒரு பயணம் மிச்சமாவது பெரிய காரியம்தான். ஆனால், முழுப் பாலத்தையும் மறுபடி செய்ய நேர்ந்தால் எத்தனை பயணம், எவ்வளவு பணம்! அத்தனையும் நோயாளியின் தலையில்தான் வந்து விழும்.

ஸ்கேனரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. பழைய அச்சுப் பொருள் சுருங்குவதும், பிளாஸ்டர் இறுகும்போது சற்றே விரிவதும் உண்டு. பழைய முறைக்கும் சோதனை தேவைப்பட்டது. இப்போது இம்ப்ளாண்டுகளின்மேல் குறியிட்ட சிறு கொடிகளைப் பொருத்தி, அவற்றின் இடங்களைப் பல கோணப் புகைப்படங்களிலிருந்து நேரடியாகக் கணக்கிடும் முறையும் வந்துள்ளது. சிறு அளவுகோலை விட்டு நீண்ட நாடாவால் சுவரை அளப்பதைப் போன்றது அது. பிழை குறையும், ஆனாலும் சோதனையின் தேவை போய்விடாது.

மாணவர்களே, கருவி எவ்வளவு புதியதானாலும் விஞ்ஞானத்தின் விதி மாறுவதில்லை. ஓர் அளவைச் சோதிக்க, அந்த அளவிலிருந்து பிறக்காத வேறொரு சாட்சி வேண்டும். கணக்குப் பரீட்சையில் விடைத்தாளை எழுதியவரே திருத்தினால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? வாழ்நாள் முழுவதும் மென்று உண்ண வேண்டிய ஒருவரின் பற்களுக்கும் அதே நியாயம் வேண்டாமா?