பெயரை மறைத்தால் திருட்டும் மறையும்

வெள்ளையர் ஆட்சி 1923-ல் போட்ட அரசாங்க ரகசியச் சட்டம் இன்னமும் இருக்கிறது. எதிரிக்கு ராணுவச் செய்தி போகாமல் தடுக்கவே அது என்றார்கள். ஆனால் அதன் நிழலில் கூலிக் கணக்குகூட ரகசியமாகிவிட்டது.

அந்தப் பூட்டை உடைத்தவர்கள் கூலிக்காரர்கள்தான். ராஜஸ்தானத்தில் அரசாங்க வேலை செய்த கிராம மக்கள், "முழுக் கூலி எங்கே? மஸ்டர் ரோலைக் காட்டு" என்றார்கள். ரகசியம் என்று பதில் வந்தது. 1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் பதிவேடுகளைச் சபையில் உரக்கப் படித்தது. வேலைக்கே போகாதவர் பெயரிலும் கூலி எழுதியிருந்தது! 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. தமிழ்நாட்டின் 1997-ம் வருஷச் சட்டம் ஓட்டைச் சட்டம். 2005-ல்தான் நாடு முழுமைக்கும் தகவல் உரிமைச் சட்டம் கிடைத்தது.

ரகசியமே கூடாதென்று நாம் சொல்லவில்லை. ராணுவச் செய்தி, துப்புக் கொடுத்தவரின் பெயர் வெளியே போகக்கூடாது. ஒரு தொழிலாளியின் நோயும் பாங்கிக் கணக்கு எண்ணும் ஊருக்கு எதற்கு? பழைய சட்டமே இதற்கெல்லாம் காப்பு வைத்திருந்தது. பொதுநலன் பெரிதானால் மட்டும் சொல்ல வேண்டும் என்றது.

2023-ல் வந்த தனிநபர் தரவுச் சட்டத்தின் 44(3) பிரிவு அந்த வாசகத்தை வெட்டிவிட்டது. 2025 நவம்பர் முதல் அமலாகிவிட்டது. "தனிநபர் தகவல்" என்ற இரண்டு வார்த்தை போதும், மனுவைத் தள்ளிவிடலாம். பொதுநலனுக்காகத் தகவல் தரும் 8(2) பிரிவு இருக்கிறதே என்கிறது சர்க்கார். இருக்கிறது, ஆனால் அதில் "தரலாம்" என்றுதான் உள்ளது, "தரவேண்டும்" என்று இல்லை. மனமிருந்தால் தருவார், அதிகாரி!

ஆயக்குடி கொய்யாத் தோட்டக் கூலிக்கும் திண்டுக்கல் நூல் மில் தொழிலாளிக்கும் இதில் என்ன? ரோட்டு வேலையை எடுத்த காண்ட்ராக்டர் யார், அளவுப் புத்தகத்தில் கையெழுத்திட்டவர் யார், மில்லைச் சோதித்த இன்ஸ்பெக்டர் யார்? எல்லாமே ஒரு பெயர். பெயரெல்லாம் தனிநபர் தகவலாம். பெயரில்லாத மஸ்டர் ரோலில் பொய்ப் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது?

44(3) பிரிவு நீக்கப்பட வேண்டும். பழைய வாசகம் திரும்ப வேண்டும். அதுவரை மனுப் போடுவதை நிறுத்தாதீர்கள், தோழர்களே. பெயரோடு பதவியையும், வேலையையும், தொகையையும் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்க்கு அதுவுமில்லை. 30 நாளில் பதில் வரவேண்டும். மறுத்தால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு, பிறகு மாநிலத் தகவல் ஆணையம். காரணமின்றித் தாமதித்த அதிகாரிக்கு ஆணையம் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போடலாம்.