18 வயதுக்குக் கீழ் கருக்கலைப்பு: பெற்றோர் கையெழுத்து கட்டாயமா?

மரச்சிற்பங்களுக்குப் பெயர்போன ஊர், பெரம்பலூர் மாவட்டத்தின் அரும்பாவூர். பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பெண் யார் மகள், எந்தத் தெரு என்பதெல்லாம் அங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். அப்படியோர் ஊரில், 16 வயது மாணவிக்கு நாள் தள்ளிப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். 'அம்மாவுக்குத் தெரிஞ்சுடுமே, ஊருக்குத் தெரிஞ்சுடுமே' என்பதுதான் அவளுக்கு வரும் முதல் பயம். அந்தப் பயம்தான் மெடிக்கல் ஷாப்பில் ரகசியமாக மாத்திரை கேட்க வைக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மாத்திரை அது. தவறாகச் சாப்பிட்டால், ரத்தப்போக்கு உயிருக்கே ஆபத்தாகலாம்.

சம்மதம் யாருடையது?

1971-ம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதமே போதும். அதற்குக் கீழ் என்றால், பாதுகாவலரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். பாதுகாவலர் என்றால் அம்மா, அப்பா மட்டுமல்ல. சிறுமியைத் தன் பராமரிப்பில் வைத்திருப்பவர் என்றே சட்டம் சொல்கிறது. பாட்டியிடம் வளரும் பெண்ணுக்குப் பாட்டியே கையெழுத்திடலாம். 2021-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, சிறுமிகளுக்கு 24 வாரம் வரை வழி உண்டு. 20 வாரத்தைத் தாண்டினால் இரண்டு டாக்டர்களின் ஒப்புதல் தேவை.

போலீஸுக்குப் போகுமா?

போகும். 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்த டாக்டர் போலீஸுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கே தண்டனை. ஆனால், 2022 செப்டம்பர் 29-ல் உச்ச நீதிமன்றம் முக்கியமான ஒரு பாதுகாப்பைக் கொடுத்தது. சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்பு செய்யும் டாக்டர் அந்தத் தகவலில் சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும் குறிப்பிடத் தேவையில்லை. 2023-ல் நீதிபதிகள் என்.ஆனந்த் வெங்கடேஷ், சுந்தர் மோகன் அடங்கிய சென்னை உயர் நீதிமன்ற அமர்வும் இதையே வலியுறுத்தியது.

மகள் வேண்டாம் என்றால்?

பெற்றோர் கையெழுத்திட்டாலும், மகளைக் கட்டாயப்படுத்த முடியாது. மைனர் பெண்ணின் விருப்பத்தை மீறி கருவைக் கலைக்கக் கூடாது என்று 1990-களிலேயே சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பாதுகாவலரின் கருத்தும் சிறுமியின் கருத்தும் வேறுபட்டால், அவளுடைய கருத்துக்கு முக்கியத்துவம் தர வேண்டும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

எதிர்ப்பக்கம்தான் சிக்கல். மகள் கலைக்க விரும்பி, வீட்டில் யாரும் கையெழுத்திட மறுத்தால் என்ன செய்வாள்? அமெரிக்காவில் பெற்றோர் சம்மதம் கேட்கும் மாநிலங்கள் பலவற்றில், நீதிபதியிடம் அனுமதி பெற தனி நடைமுறை இருக்கிறது. நம் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வாரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு பள்ளி மாணவிக்கு அது எளிதான காரியமா?

வீட்டில் இருப்பவரே காரணம் என்றாலோ, வீட்டில் சொன்னால் ஆபத்து என்றாலோ 1098-ஐ அழைக்கலாம். மாவட்டக் குழந்தைகள் நலக் குழு அவளுக்குப் பாதுகாப்பு தரும். மற்றபடி, மகள் தயங்கித் தயங்கி வந்து நின்றால், 'யாருடி அவன்?' என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் அம்மாக்களே. 'எத்தனை நாளாச்சு?' என்று கேட்டு, முதலில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.