ரேமுக்கு ஏற்ற விண்டோஸ்

4 ஜிபி ரேம் பொருத்தியும், விண்டோஸ் 7-இன் 32 பிட் பதிப்பு ஏறக்குறைய 3.25 ஜிபியே உபயோகத்துக்கு உண்டென்று காட்டுவதைக் கண்டு, விற்றவர் வஞ்சித்துவிட்டார் என்று சந்தேகிப்போர் பலர். உண்மையில், 32 பிட் விலாசங்கள் 4 ஜிபிக்கு மேல் எட்டமாட்டா என்பதாலும், அதிலும் ஒரு பாகம் திரை அட்டை முதலிய சாதனங்களுக்கு ஒதுக்கப்பட்டுவிடுவதாலும் நேரும் நஷ்டம் அது. பணம் செலவழித்து 8 ஜிபி போட்டாலும் தீராது.

ஆகையால், பிராசசர் இடங்கொடுக்குமாயின், 4 ஜிபியோ அதற்கு மேலோ உள்ளவர்கள் 64 பிட் பதிப்பையே ஏற்பது அவசியம். ஆனால் 2 ஜிபி மட்டுமே உள்ள ஏழை மாணவனின் கணினியில், புதியது என்ற ஒரே காரணத்துக்காக அதைத் திணித்து, ஹார்ட் டிஸ்க் ஓயாமல் சுழன்று திணறும்படி விடுவதை அநியாயம் என்றே சொல்வேன். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டபடியால், அத்தகைய கணினிக்கு இலேசான லினக்ஸ் ஒன்றை நிறுவிக் கொடுப்பதே உசிதம்.