விடுதியைக் காலி செய்வதுதான் சிகிச்சையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பகுதியில் உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் விடுதியில் தங்கி என் மகள் படிக்கிறாள். அரியர் விழுந்ததிலிருந்து யாரோடும் சரியாகப் பேசாமல் இருந்த அவளுடைய அறைத்தோழி, சென்ற வாரம் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாள். பதறிப்போன என் மகள் வார்டனிடம் ஓடிச் சொன்னாள். காயத்துக்குக் கட்டுப் போட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

விடியற்காலையில் பஸ் பிடித்து வந்த பெற்றோரை மதியம் வரை அலுவலக வாசலில் நிற்க வைத்தார்கள். ‘இனி எது நடந்தாலும் கல்லூரி பொறுப்பல்ல’ என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அந்தப் பெண்ணின் பெட்டி, பக்கெட், புத்தகம் எல்லாம் அதற்குள் வராந்தாவுக்கு வந்துவிட்டன. போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்க, அவள் தலைகுனிந்து அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மனநல மருத்துவரிடம் காட்டுங்கள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

“நான் வார்டன்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம்ப்பா” என்று என் மகள் போனில் அழுகிறாள். அந்த விடுதியில் இனி எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்?

‘மற்ற மாணவிகள் பயப்படுகிறார்கள்’ என்கிறது நிர்வாகம். பயந்தவள்தானே ஓடிவந்து சொன்னாள்! ‘வீட்டில்தான் பாதுகாப்பு’ என்கிறார்கள். அரியரையும் அவமானத்தையும் சுமந்துகொண்டு போகிற பெண்ணுக்கு வீடு எப்படி இருக்கும் என்று ஒரு வார்த்தை விசாரித்தார்களா?

தற்கொலைக்கு முயன்றவரையே கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவும் புதிய குற்றவியல் சட்டத்தில் இல்லை. நீதிமன்றமே தண்டிக்காத பிள்ளையைத் தண்டிக்கக் கல்லூரிக்கு யார் அதிகாரம் கொடுத்தது? 2022-இல் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. இந்தக் கல்லூரியில் ‘ஆலோசனை மையம்’ என்ற பலகை இருக்கிறது. ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் அந்த அறைக்கதவு திறக்கும் என்கிறாள் என் மகள். ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் பலகையைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். உள்ளே உட்காரும் ஆலோசகர் யார், எத்தனை மாணவர்களைப் பார்த்தார் என்று கேட்க அவர்களுக்கு என்ன தயக்கம்?

தன்னைக் காயப்படுத்திக்கொண்ட காரணத்துக்காக எந்த மாணவரையும் விடுதியிலிருந்து வெளியேற்றக் கூடாது, பெற்றோரிடம் இப்படி எழுதி வாங்கக் கூடாது என்று உயர்கல்வித் துறை உடனே சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். 104, 14416 ஆகிய உதவி எண்களை எல்லா விடுதி அறைகளிலும் ஒட்டச் சொல்ல வேண்டும். முதலில், அந்தப் பெண்ணுக்கு அவளுடைய அறையைத் திருப்பிக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை,
கோவை மாவட்டம்.