எரிச்சல் அடங்கியும் தாகம் அடங்காவிட்டால்

நீர்க்கடுப்புக்கு மாத்திரை தொடங்கினால் இரண்டு மூன்று நாளில் எரிச்சல் தணிந்துவிட வேண்டும். எளிய சிறுநீர்த் தொற்றுக்கு இன்று முதலில் எழுதப்படும் நைட்ரோஃபுரான்டாயின் 100 மில்லிகிராம், காலையும் இரவும், ஐந்து நாள். ஃபாஸ்போமைசின் என்றால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் 3 கிராம் பொடி, ஒரே வேளை. தொற்று விட்டுப்போன அசதி சில நாள் இழுப்பது இயல்பு. தாகம் அப்படியல்ல. எரிச்சல் போன பிறகும் நாக்கு ஒட்டிக்கொண்டு, செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தும் கை கால் ஓய்ந்து கிடந்தால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். முதலில் தேட வேண்டியது, அதுவரை அளந்தே பார்க்காத ரத்தச் சர்க்கரையை.

தூத்துக்குடிக் கரையில் இந்தக் காரணம் எளிதில் ஒளிந்துகொள்கிறது. தாகத்துக்கும் அசதிக்கும் இங்கே விளக்கம் தயாராக இருப்பதுதான் கோளாறு. முள்ளக்காடு, தருவைகுளம், வேப்பலோடை பக்கத்து உப்பளங்களில் பெண்கள் விடியும் முன்பே பாத்தியில் இறங்கிவிடுகிறார்கள். ஒதுங்க மறைவிடம் இல்லாததால் பலரும் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர் குறைந்து, கெட்டியாகி, மணிக்கணக்கில் பையில் தேங்குகிறது. பெண்ணுக்குச் சிறுநீர்த் தாரை ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான், ஈ.கோலை கிருமிக்கு அது பெரிய தூரமில்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழக உப்பளத் தொழிலாளர்களிடம் வெப்பத் தாக்கத்தையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் சேர்த்தே ஆராய்ந்ததற்குக் காரணம் உண்டு. வெப்பம், நீரிழப்பு, சிறுநீரகம் என்ற மூன்றையும் இந்தத் தொழிலில் பிரித்துப் பார்க்க முடியாது.

கடலுக்குள் போகிறவருக்கும் தாகம் புதிதல்ல. கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது; சங்கு குளிப்பு இன்றும் நடக்கிறது. நீரில் மூழ்கும்போது கை கால்களில் இருக்கும் ரத்தம் நெஞ்சுக்குத் தள்ளப்படுகிறது. உடம்பில் நீர் மிகுந்துவிட்டது என்று இதயம் கணக்கிட, சிறுநீரகம் அதை வெளியேற்றத் தொடங்குகிறது. கடலில் கிடந்தவர் வற்றிப்போய் மேலே வருவது இதனால்தான். துறைமுகத்து லாரி ஓட்டுநருக்கு அடக்கி வைப்பதே பழக்கம். இப்படியிருக்க, ‘வெயில்’, ‘உடம்புச் சூடு’, ‘மாத்திரைச் சூடு’ என்ற மூன்று சொல்லிலேயே விசாரணை முடிந்துவிடுகிறது. வெயில் உண்மைதான். ஆனால் நிழலில் இரண்டு நாள் ஓய்ந்து, வேண்டிய தண்ணீர் குடித்தும் அடங்காத தாகத்தை வெயிலின் தலையில் கட்ட முடியாது.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 14.4 சதவீதம். தமக்கு அது இருப்பதே தெரியாதவர்கள் பலர். அவர்களுக்கு நீர்க்கடுப்பு சில சமயம் முதல் அறிகுறியாகவே வருகிறது. சிறுநீரகம் ரத்தத்திலுள்ள சர்க்கரையை வடித்து மீண்டும் ரத்தத்துக்கே அனுப்பிவிடும். டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராம் அளவைத் தாண்டினால் அதால் முடிவதில்லை. மிஞ்சியது சிறுநீரில் இறங்கும்போது நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. நீர் போனால் தாகம். செல்லுக்குச் சேர வேண்டிய எரிபொருள் வழியிலேயே வீணானால் அசதி. தொற்று வந்த நாட்களில் கார்ட்டிசால், அட்ரினலின் போன்ற சுரப்புகள் கூடுவதால் ஓரளவு கட்டுக்குள் இருந்த சர்க்கரையும் ஏறிவிடுகிறது. தொற்றும் சர்க்கரையும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

அடிக்கடி சிறுநீர் வருவது இரண்டிலும் உண்டு என்பதால்தான் குழப்பம். போகும் அளவைக் கவனித்தால் வேறுபாடு புலப்படும். தொற்றில் அவசரமாக ஓடினாலும் சில சொட்டுதான் வரும், எரிச்சலோடு. சர்க்கரையில் ஒவ்வொரு முறையும் நிறையப் போகும், எரிச்சல் இல்லாமல். இரவில் மூன்று நான்கு முறை எழுப்பும். மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள், எரிச்சல் போய் அளவு மட்டும் கூடியிருந்தால் அது மருந்தின் குறையல்ல. இதைச் சொல்லாமல் ‘இன்னும் அடிக்கடி போகிறது’ என்று மட்டும் மருத்துவரிடம் சொன்னால், ஆன்டிபயாடிக்கை மாற்றி எழுதும் வாய்ப்பே அதிகம்.

விடை பல வேளைகளில் வீட்டிலேயே மடித்து வைக்கப்பட்டிருக்கும். யூரின் பரிசோதனைத் தாளில் எல்லோரும் பார்ப்பது பஸ் செல் (சீழ் அணு) எத்தனை என்ற வரியை. அதே தாளில், சற்று மேலே, ஆல்புமினுக்குப் பக்கத்தில் சுகர் என்று ஒரு வரி உண்டு. அங்கே இரண்டு பிளஸ் போட்டிருந்தால் அன்றே ரத்தத்தில் பார்த்திருக்க வேண்டும்.

தாகத்துக்கு எதைக் குடிக்கிறார் என்பதும் முக்கியம். நீர்க்கடுப்பு என்றதும் பதநீர், சர்பத், பன்னீர் சோடா, குளுக்கோஸ் தண்ணீர் என்று வீட்டார் கையில் கொடுப்பதெல்லாம் இனிப்பு. பதநீரில் நூறு மில்லிக்கு ஏறக்குறைய பத்துக் கிராம் சர்க்கரை. குடிக்கக் குடிக்கத் தாகம் ஏறும். ஏறிய தாகத்துக்கு மறுபடியும் அதுவே கிடைக்கும். பரிசோதனை முடிவு தெரியும்வரை வெறும் தண்ணீரும் உப்பிட்ட நீர்மோரும் போதும். எரிச்சலைக் குறைக்கக் கொடுக்கும் டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட் சிரப்பும் கவனிக்க வேண்டியது. அதுவும் சோடியம் உப்புதான். தண்ணீர் கலக்காமல் அப்படியே விழுங்கினால் நாக்கு வறளும்.

சர்க்கரை சரியாக இருந்தால் மருந்துச் சீட்டைப் பார்க்க வேண்டும். அவசரத்தை அடக்கும் சோலிஃபெனாசின் போன்றவை எச்சிலை வற்றவைக்கும். வாயைக் கொப்பளித்தாலே அந்த வறட்சி தணியும், உண்மையான தாகம் தணியாது. கோட்ரைமாக்சசோல், ரத்த அழுத்தத்துக்கான டெல்மிசார்டானோடு சேர்ந்தால் பொட்டாசியத்தைக் கூட்டித் தசைகளைத் தளர்த்தக்கூடும். அந்த நேரத்தில் ‘சூட்டுக்கு நல்லது’ என்று இளநீர் இளநீராகக் குடிப்பது பொட்டாசியத்தின் மேல் பொட்டாசியம்.

ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவரின் கணக்கு வேறு. கிளிமிபிரைடு சாப்பிடுகிறவருக்கு சிப்ரோஃப்ளாக்சசின் சேர்ந்தால் சர்க்கரை திடீரென இறங்கி, வியர்த்து, நடுங்கி, அசதியாகலாம். சிப்ரோஃப்ளாக்சசினின் குடும்பத்தைச் சேர்ந்த கேட்டிஃப்ளாக்சசினை இந்தியா 2011-ல் தடைசெய்ததற்கு, சர்க்கரையை அது ஏற்றியும் இறக்கியும் விளையாடியதே காரணம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் இறக்குவதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றைச் சாப்பிடுகிறவரின் யூரின் தாளில் சுகர் எப்போதும் பிளஸ்தான். அதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. காய்ச்சலும் வாந்தியுமாக உணவு இறங்காத நாளில் இவற்றை நிறுத்திவைக்க வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலே ரத்தம் அமிலமாகும் ஆபத்து இவற்றில் உண்டு.

வாந்தி, வயிற்று வலி, ஆழ்ந்து இரைக்கும் மூச்சு, உளறல் இவற்றில் எது வந்தாலும் தெருமுனை மருந்துக்கடைக்குப் போகக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கே போக வேண்டும். குளிரும் காய்ச்சலுமாக விலாவில் வலித்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டதாகக் கொள்ளலாம். கட்டுப்பாடில்லாத சர்க்கரை உள்ளவருக்கு, கிருமிகள் சிறுநீரகத்துக்குள்ளேயே வாயுவை உண்டாக்கும் அபாயகரமான வகையும் உண்டு.

மற்றபடி வேண்டியது ஒரு விரல் குத்து. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். தாகமும் அசதியும் இருந்து, எந்நேரத்தில் எடுத்தாலும் 200-ஐத் தாண்டினால் நீரிழிவுதான்; வெறும் வயிற்றில் 126 எல்லை. தொற்றின்போது ஏறிய சர்க்கரை பின்னால் இறங்கிவிடுவதும் உண்டு. எனவே மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையும் தேவை, அதில் 6.5 சதவீதம் எல்லை. இரும்புச்சத்துக் குறைந்த சோகை உள்ளவருக்கு இந்தச் சராசரி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அவர்களுக்குத் தொற்று ஆறிய சில வாரம் கழித்து வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்திலும் மீண்டும் ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.